ஆறு பேருக்கு ஒரு குதிரை

அரியலூர் ஸ்டேஷனில் நீங்கள் எப்போதாவது இறங்கியிருக்கிறீர்களா? அநேகமாக இறங்கியிருக்க மாட்டீர்கள். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவர்கள் அந்த ஸ்டேஷனைத் தூக்கத்தில் தாண்டிவிடுவதுதான் வழக்கம். விழித்திருக்கிற ஒருவர் இருவர், "இங்கேதானே ஸார் அந்தக் காலத்தில் பாலம் போய் ரயில் ஆற்றில் விழுந்தது?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்கள். பக்கத்தில் இருப்பவர், "ஆமாம், லால் பகதூர் சாஸ்திரி கூட ராஜினாமாச் செய்தாரே!" என்பார். அத்துடன் அரியலூர் முடிந்து போகும். 1956-ஆம் வருஷம் நவம்பர் 23-ந் தேதி மருதையாற்று வெள்ளத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்களை வாரிக்கொண்டு போன அந்த விபத்துத்தான் ஊரின் பெயரைத் தேசமெங்கும் தெரியவைத்தது. ஓர் ஊருக்கு அப்படியா கீர்த்தி வரவேண்டும்?

எனக்கு அந்த ஸ்டேஷன் என்றால் வேறு ஞாபகம். வாசலில் ஒரு வேப்பமரம். அதன் நிழலில் ஏர்க்கால் தரையைத் தொட, முன்னால் சாய்ந்து கிடக்கும் ஒரு ஜட்கா. பக்கத்தில், பின்னங்கால் ஒன்றைத் தளர்த்தி வைத்துக்கொண்டு, நின்றபடியே தூங்குகிற ஒரு வெள்ளை மட்டக் குதிரை. அந்தக் குதிரையைப் பற்றி அறுபது வருஷத்துக்கு மேல் யாரிடமும் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். கதை கதையாக எழுதித் தள்ளியவனுக்கு இந்த ஒன்றை எழுத மட்டும் கை வரவில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம் என் பேத்தி.

அவளுக்குப் பதினொரு வயது. ஞாயிற்றுக்கிழமை தோறும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஓரிடத்தில் குதிரைச் சவாரி கற்றுக்கொள்ளப் போகிறாள். மாதச் சம்பளம் எவ்வளவு என்று என் மாப்பிள்ளையைக் கேட்டேன். அவர் சொன்ன தொகைக்கு எங்கள் காலத்தில் குதிரையையும் வண்டியையும் வாங்கி வண்டிக்காரரையும் ஒரு வருஷம் வைத்துக்கொண்டிருக்கலாம். அவ்வளவு கொடுத்தும் ஆளுக்கொரு குதிரை கிடையாது. நாலைந்து குழந்தைகளுக்கு ஒன்று. அதுவும் பந்தயத்தில் ஓடி ஓய்ந்துபோன கிழட்டுப் பெண்குதிரை. "புதுசாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு வயசான குதிரைதான் ஸார் நல்லது. அது எல்லாத்தையும் பார்த்தாச்சு, எதுக்கும் மிரளாது" என்று அந்த வாத்தியார் என்னிடம் சொன்னார். எனக்குத் தெரியாததா என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"தாத்தா, இன்னிக்கு என் முறை போச்சு."

"ஏனம்மா?"

"சேணம் போடறதுக்கு முன்னால காலைத் தொட்டுப் பார்க்கணும்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. தொட்டேன். ஒரு கால் சூடா இருந்தது. மாஸ்டர் கிட்ட சொன்னேன். அவர் வந்து பார்த்துட்டு, ஒரு வாரத்துக்கு யாரும் ஏறக்கூடாதுன்னுட்டார். அடுத்தது என் முறை, தாத்தா! நான் சொல்லாம இருந்திருந்தா ஏறியிருக்கலாம். நானே சொல்லிக் கெடுத்துக்கிட்டேன்."

இதற்குத் தாத்தா என்பவன் என்ன சொல்லவேண்டும்? தட்டிக் கொடுத்து, 'சபாஷ்' சொல்லவேண்டும். எனக்கு 'சபாஷ்' வரவில்லை. மூக்குக் கண்ணாடியைத் தேடுகிற பாவனையில் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது.

1962-ஆம் வருஷம். எனக்கும் அப்போது பதினொரு வயது. அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு மாற்றலாகி வந்திருந்தோம். இரண்டும் அப்போது திருச்சி ஜில்லாவைச் சேர்ந்தவை. பிறகு பெரம்பலூர் 1995-இல் தனி மாவட்டமாயிற்று. 2001-இல் அரியலூர் அதிலிருந்து பிரிந்தது. மறு வருஷமே மறுபடியும் சேர்ந்தது. 2007-இல் மறுபடியும் பிரிந்தது. அந்தக் கடைசிப் பிரிவினை நடந்த தேதியும் நவம்பர் 23. நாள் பார்த்தவர்களுக்கு ஆற்றுப்பாலம் ஞாபகம் வந்திராது போலிருக்கிறது. ஜில்லாக்கள் பிரிவதும் சேர்வதும் கிடக்கட்டும். எங்களுக்கு இரண்டு ஊருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். பெரம்பலூருக்குப் பஸ் உண்டு, ரயில் கிடையாது. சென்னை-திருச்சி ரஸ்தாவில் அது ஒரு பஸ் ஊர். அரியலூரோ ரயில் ஊர். 1920-களின் கடைசியில் கார்டு லைன் போட்டபோதே அதற்கு யோகம் அடித்துவிட்டது. ரயில் இருந்தால்தானே ஸ்டேஷன்? ஸ்டேஷன் இருந்தால்தானே ஜட்கா?

பெரம்பலூரில் இருந்தவரை நான் பார்த்த குதிரைகளெல்லாம் மண் குதிரைகள். அந்தச் சீமையில் எந்த ஊர் எல்லைக்குப் போனாலும் அய்யனார் கோயில் உண்டு. அய்யனாருக்குக் குதிரைகள் உண்டு. வேளார்கள் சுட்டு வைத்தவை. கழுத்து நிறைய மணி, பிதுங்கிய கண், திறந்த வாய். ராத்திரியில் சுவாமி அவற்றின் மேல் ஏறி எல்லைக் காவல் சுற்றுவார் என்று பாட்டி சொல்வாள். பகலில்தான் சும்மா நிற்கிறதே என்று ஒருநாள் ஒரு குதிரையின் மேல் ஏறி உட்கார்ந்தேன். பூசாரி பார்த்துவிட்டு வீட்டில் வந்து சொன்னார். முதுகு வீங்கிற்று. குதிரைக்கு அல்ல, எனக்கு. ஒரு மூன்று நாள் கழித்துக் காய்ச்சலும் வந்தது. சாமி குத்தம் என்று தீர்மானமாகி, சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கு மாவிளக்குப் போட்டார்கள். அந்தக் கோயில் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் திறந்திருக்கும். ஆகையால் காய்ச்சல் வெள்ளிக்கிழமை வரை காத்திருந்து போயிற்று.

அரியலூரில் உயிருள்ள குதிரையைப் பார்த்ததும் எனக்கு வேறெதிலும் மனம் செல்லவில்லை. கோதண்டராமர் கோயிலில் தசாவதாரச் சிற்பங்கள் இருக்கின்றன, வெளியூர்க்காரர்கள் வந்து வியந்து பார்ப்பார்கள். சுற்றுவட்டாரத்தில் மண்ணைத் தோண்டினால் கல்லாய்ப்போன சங்கும் சிப்பியும் கிடைக்கும். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் அங்கே கடல் இருந்ததற்குச் சாட்சி. இப்போது வாரணவாசியில் அதற்கென்று அருங்காட்சியகமே வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பையன்கள் டிராயர் பை நிறைய அந்தச் சிப்பிகளை வைத்துக்கொண்டு கோலி ஆடுவார்கள். நான் மட்டும் சாயங்காலம் நாலரை மணிக்கு ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் நிற்பேன்.

ஜட்காக்காரரை நாங்கள் 'பாய்' என்று கூப்பிடுவோம். அறுபது வயதுக்குக் குறையாது. அவரும் பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர்தான். ரயில் இல்லாத ஊரில் ஜட்காவுக்கு என்ன ஜோலி என்று வந்தவர். 56-ஆம் வருஷத்து விபத்தின்போதும் அங்கே வண்டி வைத்திருந்தார். அன்றைய தினத்தைப் பற்றி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். குதிரைக்குப் புல்லை உதறிப் போட்டுக்கொண்டே இருப்பார், பதில் சொல்ல மாட்டார்.

குதிரையின் பெயர் சுல்தான். பெயருக்கு ஏற்ற கம்பீரமெல்லாம் கிடையாது. கண்களுக்கு மேல் குழி விழுந்து, முதுகு சற்றே தொய்ந்து, வெள்ளை மயிரில் எள்ளைத் தூவினாற்போல் செம்புள்ளிகள். இந்த ஜாதி வெள்ளைக் குதிரை பிறக்கும்போது கறுப்பாகவோ பழுப்பாகவோதான் பிறக்குமாம். வயதாக ஆகத்தான் வெளுக்கும். இதைப் பாய் சொன்னபோது நான் நம்பவில்லை. இப்போது கண்ணாடியில் என் தலையைப் பார்க்கும்போது நம்புகிறேன்.

வயது எத்தனை என்று கேட்டதற்குப் பாய் குதிரையின் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். மேல்வரிசை முன்பற்களில் ஓரப் பல்லைப் பார்க்கச் சொன்னார். பல்லின் நீளத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடிற்று. "பத்து வயசுல இந்தக் கோடு ஈறு ஓரத்துல தலைகாட்டும், தம்பி. பதினஞ்சுல பாதிப் பல்லு. இருவதுல பல்லு முழுக்க. அப்புறம் மேலே இருந்து அழிஞ்சுக்கிட்டே வரும். இவனுக்கு இப்பத்தான் மேலே அழிய ஆரம்பிச்சிருக்கு." எந்தச் சர்வகலாசாலையில் இதைப் படித்தாரோ! பிற்காலத்தில் ஒரு புத்தகத்தில், அந்தக் கோட்டுக்குக் கால்வேன் என்கிற வெள்ளைக்காரர் பெயரை வைத்திருப்பதாகப் படித்தேன். பாய்க்கு அந்தப் பெயர் தெரியாது, கோடு தெரியும்.

சுல்தானை நாங்கள் ஆறு பேர் பங்கு போட்டுக்கொண்ட கதை இதுதான். ஊருக்குள் டவுன் பஸ்ஸும் சைக்கிள் ரிக்ஷாவும் வந்து ஜட்காவின் வயிற்றில் அடித்துக்கொண்டிருந்த சமயம். சாயங்காலம் நாலரை மணியிலிருந்து ராத்திரி வண்டி வரும்வரை பாய்க்குச் சவாரி கிடையாது. கொள்ளு விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. மரத்தடியில் தினமும் நிற்கிற பட்டாளத்தைப் பார்த்துப் பாய் ஒரு யோசனை சொன்னார். காசு வேண்டாம். ஆளுக்கு ஒருநாள். யாருடைய நாளோ அவர் ஏரிக்கரையிலிருந்து ஒரு கட்டு அறுகம்புல் அறுத்து வரவேண்டும். ஓர் ஆழாக்குக் கொள்ளு வீட்டிலிருந்து கொண்டுவந்து முதல்நாளே ஊறப்போட வேண்டும். குதிரையைத் தேய்த்து, குளம்பு பார்க்கவேண்டும். அதற்குப் பதிலாக, வேப்பமரத்திலிருந்து ரயில்வே கேட் வரையில் போய்த் திரும்பலாம். வெள்ளிக்கிழமை பாய்க்குத் தொழுகை, சுல்தானுக்கு ஓய்வு. மிச்சம் ஆறு நாள், ஆறு பேர்.

சனி, தபாலாபீஸ்காரர் பிள்ளை. ஞாயிறு, ஹைஸ்கூல் வாத்தியார் மகன். திங்களும் செவ்வாயும் வெற்றிலை பாக்குக் கடைக்காரரின் இரண்டு பிள்ளைகள். புதன் நான். வியாழன், ரயில்வே பாயிண்ட்ஸ்மேன் மகள், எட்டு வயதுச் சிறுமி. நாளடைவில் ஒருவரை ஒருவர் கிழமையின் பெயரைச் சொல்லியே கூப்பிட ஆரம்பித்தோம். "டேய் செவ்வாய்!" என்றால் திரும்பிப் பார்ப்பான்.

பெண்பிள்ளைக்கு எதற்குக் குதிரை என்று மற்ற ஐந்து பேரும் ஆட்சேபம் செய்தோம். பாய் சிரித்தார். "குதிரைக்கு ஆம்பளை பொம்பளை தெரியாது, தம்பி. கடிவாளத்தைப் பிடிச்சிருக்கிற கை கனமா, லேசா, அதுதான் தெரியும்" என்றார். அவள் கொண்டுவரும் புல்தான் எல்லாவற்றிலும் நன்றாக இருக்கும். மண்ணை உதறி, முள் பார்த்து, நனைத்து எடுத்துவருவாள்.

சேணம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கோணிப்பையை நாலாக மடித்துப் போட்டு வாரால் இறுக்கியிருக்கும். இடது பக்கம் வந்துதான் ஏறவேண்டும். பின்பக்கமாக ஒருபோதும் வரக்கூடாது. குதிரைக்குக் கண் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். வாலுக்கு நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் மட்டும் தெரியாது. ஆகவே வரும்போதே குரல் கொடுத்துக்கொண்டு வரவேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வயிற்றுவலியில் உயிரே போய்விடும். ஆகவே கண்டதைக் கொடுக்கக்கூடாது. இதெல்லாம் பாய் சொல்லிக் கொடுத்தது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பாடம் உண்டு. ஏறுமுன் நாலு காலையும் முழங்காலிலிருந்து குளம்பு வரை உள்ளங்கையால் தடவிப் பார்க்கவேண்டும். பிறகு குளம்பைத் தூக்கிக் கல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சுல்தானுக்கு இது பழக்கம். கை முழங்காலுக்குக் கீழே வந்தவுடனே தானே காலைத் தூக்கி நம் உள்ளங்கையில் வைத்துவிடும், தட்சிணை வாங்கிக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி. "நாலு காலும் ஒரே சூடா இருக்கணும். ஒண்ணு மட்டும் சுட்டுச்சுன்னா உள்ளே நோவு இருக்குன்னு அர்த்தம். அது வாய் தொறந்து சொல்லாது. கை வச்சவன்தான் சொல்லணும்" என்பார் பாய். இன்னொன்றும் சொன்னார்: முன்னங்கால் நோகிற குதிரை நடக்கும்போது, நோகிற கால் தரையில் படுகிற நேரத்தில் தலையை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது தாழ்த்தும். தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

சவாரி கற்றுக்கொடுத்தது பாய் என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, உண்மையில் கற்றுக்கொடுத்தது சுல்தான்தான். சனிக்கிழமைப் பையன் பன்னிரண்டு வயது, முரடன்; அவனுக்கு இரண்டு எட்டு ஓடிக் காட்டும். வியாழக்கிழமைக்காரி ஏறினால் முட்டை சுமப்பது போல் நடக்கும். யாராவது சரிந்தால் உடனே நின்றுவிடும். நேராக உட்கார்ந்த பிறகுதான் அடுத்த அடி. ரயில்வே கேட்டுக்குப் போனதும், யாரும் சொல்லாமல், தானே திரும்பும். அதற்கு மேல் ஓர் அடி வைக்காது. ஆறு பேருக்கும் ஒரே தூரம், ஒரே நேரம். எங்களுக்குள் சண்டை வராமல் அது பார்த்துக்கொண்டது. ஊரில் பாகப்பிரிவினை வழக்குகளை அதனிடம் விட்டிருந்தால் முன்சீபு கோர்ட்டுக்கு வேலை குறைந்திருக்கும்.

அந்த வருஷம் கல்லங்குறிச்சித் திருவிழா வந்தது. அரியலூருக்குப் பக்கத்தில் கலியுக வரதராஜப் பெருமாள் கோயில். அங்கே மூலவர் விக்கிரகம் கிடையாது. ஒரு கல் தூண்தான் பெருமாள். குடியானவர்கள் நெல்லும் கம்பும் கன்றுக்குட்டியும் கொண்டுவந்து காணிக்கை செலுத்துவார்கள். ராமநவமியை ஒட்டி உத்ஸவம். தேருக்கு ஜனம் வெள்ளமாக வரும். ஜட்காக்காரருக்கு வருஷத்தில் அதுதான் அறுவடை. பாய் பத்து நாளும் இடைவிடாமல் வண்டி ஓட்டினார். நாலு பேர் ஏறுகிற இடத்தில் ஏழு பேர் ஏறினார்கள். "முன்னாலே தள்ளி உட்காருங்க ஸாமி, பின்பாரம்!" என்று அவர் கத்துவது எங்கள் தெரு வரைக்கும் கேட்கும். எங்கள் முறையெல்லாம் அந்தப் பத்து நாளும் ரத்து. அதற்கு முந்தின புதன்கிழமை எனக்குப் பரீட்சை. ஆக, என் முறை வந்து மூன்று வாரமாயிற்று.

பதினொரு வயதில் மூன்று வாரம் என்பது எவ்வளவு நீளம் என்பது உங்களுக்கு நினைவிருக்கிறதா?

தேர் முடிந்த பிறகு வந்த முதல் புதன்கிழமை. புல்லும் கொள்ளுமாக நான் நாலு மணிக்கே போய்விட்டேன். திருச்சி பாஸஞ்சர் தாமதம் என்று பாய் பிளாட்பாரத்தில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். நான் சுல்தானைத் தேய்த்தேன். காலைத் தடவிக்கொண்டு வந்தேன். பின்னங்கால்கள் இரண்டும் சரி. வலது முன்னங்கால் சரி. இடது முன்னங்கால், முழங்காலுக்குக் கீழே பின்பக்கத்து நரம்பில், சுட்டது. கொதிக்கவில்லை, ஆனால் மற்ற மூன்றைவிடச் சூடு, அதில் சந்தேகமில்லை. மறுபடியும் தொட்டேன். கையை என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். வெயிலில் நின்ற சூடு என்று சொல்லிக்கொண்டேன். சுல்தான் நின்றது நிழலில்.

பாயிடம் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். பிளாட்பாரம் இருபது கஜ தூரம். நான் போகவில்லை. வாரை இறுக்கினேன், ஏறினேன்.

போகும்போது அதன் காதுகளுக்கு நடுவே ரஸ்தாவைப் பார்த்துக்கொண்டு போனேன். காதுகள் ஒரு தடவை மேலே போயின, ஒரு தடவை கீழே வந்தன. மேலே, கீழே. தலை ஆடுகிறது என்பது அதற்கு அர்த்தம். எனக்கு அர்த்தம் தெரியாமலில்லை. கேட் வந்தது. சுல்தான் வழக்கம்போல் திரும்பிற்று. மூன்று வாரப் பாக்கி இருக்கிறதே என்று நான் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தேன். குதிகாலால் விலாவில் இடித்தேன். அது நின்று, காதைப் பின்னால் திருப்பி, என்ன சொல்கிறாய் என்று கேட்பது போல ஒரு கணம் இருந்தது. மறுபடியும் இடித்தேன். கேட்டைத் தாண்டி நடந்தது. சுண்ணாம்புக்கல் வண்டிகள் போகிற கெட்டி ரஸ்தா. அதில் அரை மைலுக்கு மேல் போய்த் திரும்பினேன். அத்தனை வருஷத்தில் கேட்டைத் தாண்டிச் சவாரி போன ஒரே பையன் நான்தான் என்ற பெருமை வேறு.

என் கனம் அதற்கு ஒரு பொருட்டல்ல. மட்டக் குதிரையானாலும் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைச் சுமக்கும் என்கிறார்கள். நான் அப்போது பல்லிபோல் இருந்தேன். ஆனால் பத்து நாள் பின்பாரம் இழுத்து நரம்பு நைந்திருந்த காலுக்கு அன்று தேவைப்பட்டது ஓய்வு. அதற்குக் கிடைத்தது அரை மைல் கல் ரஸ்தா. திரும்பி வந்து கோணியை எடுத்துவிட்டு, புல்லைப் போட்டு, இருட்டுமுன் வீட்டுக்கு ஓடிவிட்டேன். ராத்திரி வண்டிக்குக் கிராக்கி இல்லை. பாய் குதிரையைப் பூட்டவேயில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. அந்தச் சிறுமி வந்தாள். காலைத் தொட்டாளோ இல்லையோ, எனக்குத் தெரியாது. எட்டு வயதுக் குழந்தையின் கைக்கு எவ்வளவு தெரியும்? ஏறி நாலு அடி போவதற்குள் சுல்தான் முன்னங்காலை ஊன்றமுடியாமல் மூன்று காலில் நின்றுவிட்டது. அவள் இறங்கி அழுதுகொண்டே பாயைக் கூப்பிட ஓடினாள்.

ஒரு மாதத்துக்கு மேல் வண்டி மரத்தடியில் சும்மா கிடந்தது. பாய் தினமும் காலையிலும் மாலையிலும் சுல்தானை மெதுவாக ஏரிக்கு நடத்திப்போய் முழங்கால் அளவு தண்ணீரில் நிறுத்துவார். வந்து புற்றுமண் குழைத்துப் பற்றுப் போடுவார். நடுப்பகலில் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற இடத்துக்குக் கூலியாகப் போனார். அறுபது வயதில் கூடை தூக்கினார். அந்தச் சமயத்தில்தான் பிராணிகளை வதைப்பதைத் தடுக்கும் சட்டம் புதிதாக வந்திருந்தது. ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் வருஷக்கணக்காகப் போராடியதன் பலனாக 1960-இல் நிறைவேறிய சட்டம். 1962-இல் விலங்குகள் நல வாரியம் அமைத்து அவரையே தலைவராகவும் போட்டார்கள். நோயாலோ மூப்பாலோ வேலைக்குத் தகுதியில்லாத பிராணியை வேலை வாங்குவது அந்தச் சட்டப்படி குற்றம். பாய்க்குச் சட்டம் தெரியாது. தெரியாமலே ஒரு மாதம் பட்டினி கிடந்து அதை அனுசரித்தார். மீறியவன் அப்பா மடியில் உட்கார்ந்து பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த புதன்கிழமை பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, போன வாரம் நீங்க கை வச்சப்ப கால் சூடா இருந்திச்சா?"

"இல்லை, பாய். சரியாத்தான் இருந்திச்சு."

அவர் என்னைப் பார்த்தார். கேட்டைத் தாண்டி நான் போனதை யாராவது அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். கேட்மேன் அவருக்குச் சிநேகிதர். ஆனால் அவர் அதைக் கேட்கவில்லை. "சரி, தம்பி" என்று சொல்லிவிட்டு மண்ணைக் குழைக்கப் போய்விட்டார்.

பாய் அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னவர்கள் நாங்கள். "பொம்பளைப் பிள்ளை கையில் கொடுத்தா இப்படித்தான் ஆகும்" என்று சனிக்கிழமைப் பையன் ஆரம்பித்தான். தெருவில் அவள் தலை தெரிந்தால் ஐந்து பேரும் ஒரு காலை மடித்துக்கொண்டு நொண்டிக் காட்டுவோம். ஐந்து பேரும் என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனித்துக்கொள்ளுங்கள். சொல்லப்போனால் மற்ற நாலு பேரையும்விட நான் நன்றாக நொண்டினேன். எனக்குத்தானே அந்த நடை தெரியும்?

அதற்குப் பிறகு அவள் சுல்தான் மேல் ஏறவேயில்லை. பாய் கூப்பிட்டும் ஏறவில்லை. ஆனால் புல் மட்டும் கொண்டுவந்தாள். வியாழக்கிழமை மட்டுமல்ல, எல்லாக் கிழமையும். மரத்தடியில் போட்டுவிட்டு, எங்களைப் பார்க்காமல் போய்விடுவாள்.

கால் குணமாயிற்று, ஆனால் வண்டி இழுக்கிற கால் ஆகவில்லை. மழைக்காலம் தொடங்குமுன் பாய் ஜட்காவை விற்றுவிட்டு, சுல்தானைப் பெரம்பலூர்ப் பக்கம் செட்டிக்குளத்துக்கு அருகில் இருந்த தம் சொந்தக்காரர் தோட்டத்துக்கு நடத்திக்கொண்டே போனார் என்று கேள்விப்பட்டேன். அவரும் திரும்பி வரவில்லை.

மறு வருஷக் கோடை விடுமுறையில் அப்பா ஏதோ காரியமாகச் செட்டிக்குளம் போனார். நானும் தொற்றிக்கொண்டேன். மலைமேல் முருகன் கையில் வேலுக்குப் பதிலாகக் கரும்பு வைத்துக்கொண்டு நிற்கிற ஊர் அது. ஊரைச் சுற்றிச் சின்ன வெங்காயக் கொல்லைகள். விசாரித்துக்கொண்டு போனபோது, ஒரு கிணற்று மேட்டில், கால் லாடங்களைக் கழற்றிவிட்டு, புங்கமரத்தடியில் சுல்தான் நின்றது. அந்த வீட்டுக் குழந்தைகள் மூன்று பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். முறை வைத்து ஒவ்வொருவராக ஏறி, கிணற்றை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கினார்கள். யாரும் அதை இழுக்கவில்லை. தானே சுற்றித் தானே வந்து நின்றது.

நான் குரல் கொடுத்துக்கொண்டே இடது பக்கமாகப் போனேன். குனிந்து முன்னங்காலில் கை வைத்தேன். முழங்காலுக்குக் கீழே கை வந்ததும் காலைத் தூக்கி என் உள்ளங்கையில் வைத்தது. சூடு இல்லை. என்னை அடையாளம் கண்டுகொண்டுவிட்டது, மன்னித்தும்விட்டது என்று எனக்குத் தொண்டையை அடைத்தது. கிணற்றடியிலிருந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "அது அப்படித்தாங்க தம்பி. வழிப்போக்கன் குனிஞ்சு செருப்பை மாட்டினாக் கூடக் காலைத் தூக்கிக் குடுக்கும்" என்றாள். பாய் அன்று ஊரில் இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2017-இல் அரியலூரில் ஒரு கல்யாணம். மீட்டர் கேஜ் போய் அகல ரயில் வந்து, வேப்பமரம் போய் ஆட்டோ ஸ்டாண்டு வந்து, சிமெண்டு லாரிகளின் புழுதியில் ஊரே வெளுத்திருந்தது. பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் ஓர் அம்மாள். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பின்னால் தெரிந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கை கழுவுகிற இடத்தில் பக்கத்தில் வந்து, "நீங்க புதன்கிழமைதானே?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனையோ பேர் எத்தனையோ பட்டம் கொடுத்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இருப்பார்கள் என்று நினைக்கவில்லை.

பேசிக்கொண்டிருந்தோம். என் கதைகளை விடாமல் படிக்கிறாராம். தொடர்கதையில் கதாநாயகியைச் சாகடித்ததற்காக ஒருதரம் கோபித்துக்கொண்டு கடிதம் எழுதி, அனுப்பாமல் வைத்துவிட்டாராம். பிறகு சுல்தான் பேச்சு வந்தது. அவர் குரல் இறங்கிவிட்டது. "பாவம், அதை நொண்டியாக்கினது நான்தான் ஸார். கால் பார்க்காம ஏறிட்டேன். பாய் அதனாலதானே வண்டியை வித்தாரு? என் பிள்ளைங்களுக்கெல்லாம் கூடச் சொல்லியிருக்கேன். வகுப்புல பிள்ளைங்க கிட்டேயும் சொல்வேன், நான் எட்டு வயசுல ஒரு தப்புப் பண்ணினேன்னு."

இப்போதாவது சொல்லவேண்டாமா? எனக்கு அப்போது அறுபத்தாறு வயது. பதினொரு வயதல்ல. "சின்ன வயசிலே நடந்தது. அதையெல்லாம் மனசிலே வச்சுக்கலாமா அம்மா?" என்று பெரிய மனுஷ தோரணையில் சொன்னேன். பெண்ணுக்கு மாமா யாரோ வந்து தாம்பூலப் பையைக் கையில் திணித்தார். அதை வாங்கிக்கொண்டு காருக்கு நடந்துவிட்டேன். இருபது கஜ தூரம்தான் இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, பேத்தி தூங்கிய பிறகு அவள் அறைக்குப் போய் வெகு நேரம் நின்றுகொண்டிருந்தேன். தூக்கத்திலும் முறை போன வருத்தம் முகத்தில் இருந்தது. இறங்கி வந்து இதை எழுத உட்கார்ந்தேன். இந்தப் பத்திரிகை அரியலூருக்குச் சனிக்கிழமை காலை வரும். அந்த அம்மாள் அட்டையைத் திருப்பியதும் முதலில் படிப்பது இந்தப் பக்கத்தைத்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அம்மா, அன்றைக்குப் புதன்கிழமை. இடது முன்னங்கால் சூடாக இருந்தது. இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன். தெரிந்துதான் ஏறினேன்.